இடப்பக்கம்

பஞ்சிகாவத்தையில்
பழைய ரேடியேட்டர்களும் கதவு கழன்ற வான்களும் நெருக்கும் ஒழுங்கையொன்றில்
எங்கள் வீட்டை
நான்கு மரக்கட்டைகளில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.
சில்லுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.
நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றுகிறேன்.

ஆறு மாதத்தில் முதல் தடவையாக
கோப்பைக்குள் அது மட்டமாக நிற்கிறது.

என் அடுப்புக்கு நேர் கீழே
ஜுனைதீன் பாஸ் மல்லாக்கப் படுத்திருக்கிறார்.
சுத்தியல் அடி ஒவ்வொன்றும்
சட்டத்தில் ஏறி, பலகையில் ஏறி,
லாச்சிக்குள் கிடக்கும் கரண்டிகளில் வந்து முடிகிறது.
துருப்பிடித்த ஷக்கிள் பின் வரமாட்டேன் என்கிறது.
டீசல் ஊற்றி ஊறவிட்டு
சிங்களத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும்
அதை ஏசுகிறார்.

தணமல்விலைக்கு அப்பால்
குளக்கட்டை ஒட்டிப் போகும் பாதை அது.
மழை அறுத்த வாய்க்கால் குறுக்கே கிடந்தது.
"மெதுவா" என்றேன்.
"மெதுவாத்தானே" என்றார் தயாபரன்.
பிறகு வெடி கேட்டது போல ஒரு சத்தம்.
அந்த மாதிரிச் சத்தத்துக்கு
எங்கள் இருவர் உடம்பும் கேட்காமலே குனியும்.
குனிந்தோம்.
நிமிர்ந்தபோது
வீடு இடப்பக்கமாக உட்கார்ந்திருந்தது,
இனி எழும்பமாட்டேன் என்ற மாடு மாதிரி.

அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில்
பாலைமரக் கட்டையொன்றைச் செருகிக் கயிற்றால் கட்டி
முப்பதுக்கு மேல் போகாமல்
ஒரு முழுநாள் வந்தோம் கொழும்புக்கு.
ஒரு சொல் பேசவில்லை.
இல்லை, பேசினேன்.
"நான் சொன்னேன்" என்று நாலு தரம்.
இங்கிரியாவில் ஐந்தாவது.

மூன்றாம் நாள் மத்தியானம்
பாஸ் வெளியே வந்தார்.
முறிந்த வில்லுப்பட்டையின் இரண்டு துண்டையும்
மீன் சுற்றுவது போல் பேப்பரில் சுற்றி
என் கையில் தந்தார்.
"முறிஞ்ச வாயப் பாருங்க மிஸ்."

முக்கால்வாசி கறுத்து, துரு ஆழமாய் ஏறி,
ஓரத்தில் ஒரு விரலகலம் மட்டும்
இப்போதுதான் உடைத்த கற்கண்டு போல் மினுங்கியது.

"இந்தக் கறுப்பு பூராவும் பழைய வெடிப்பு.
எப்பவோ முறியத் தொடங்கிட்டு.
இந்தா, இந்த மினுக்கம் மட்டும்தான்
உங்கட பாதையில முறிஞ்சது."

தயாபரன் சுவரோரம் குந்தியிருந்து
சில்லு நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.

பாஸ் விடவில்லை.
"இடப்பக்கம் என்ன வெச்சிருக்கீங்க?"
தண்ணீர்த் தாங்கி. இருநூறு லீற்றர்.
காஸ் சிலிண்டர். அரிசி வாளி.
வேண்டாம் என்றவரோடு சண்டைபிடித்து ஏற்றிய
மிதி தையல் மெஷின், இரும்புக் காலோடு.
"ஆரு இதெல்லாம் ஒரே பக்கம் போடச் சொன்னது?"

படம் கீறியது நான்.
ரோசா பஸ்ஸின் இருபத்தாறு இருக்கைகளையும் கழற்றி விற்ற அன்றிரவு
சதுரக்கோட்டுக் கொப்பியில் கீறினேன்:
யன்னல் எங்கே, அடுப்பு எங்கே,
படுத்திருந்தால் கடல் எந்தப் பக்கம் தெரியவேணும்.
பாரத்துக்கு அதில் ஒரு கட்டம்கூட விடவில்லை.

"நான்தான்" என்றேன்.
மண்ணெண்ணெய் வாளிக்குள்
நட்டு ஒன்று நழுவி விழுந்த சத்தம்.

ஐந்தாம் நாள் அந்தி.
வலப்பக்கத்துக்கும் சேர்த்துப் புதுப் பட்டை, புது புஷ்.
கணக்கைக் கேட்டுத் தயாபரன் சிரித்தார்,
அழுவதைவிட அது மலிவு என்பதால்.
தாங்கியை நடுவுக்கு நகர்த்தினோம்,
ஆளுக்கொரு பக்கம் பிடித்து.
"கொஞ்சம் இங்கால." "இல்ல, அங்கால."
தையல் மெஷின் ஒழுங்கையில் நிற்கிறது.
அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

"ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிட்டு
யூ-பொல்ட்டத் திரும்ப இறுக்குங்க.
புதுசு எல்லாம் ஒருக்கா தளரும்.
மறந்துராதீங்க" என்றார் பாஸ்,
என்னையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல்
கையைத் துடைத்தபடி.

மருதானைப் பாலத்தில் ஏறி இறங்கினோம்.
ஆமர் வீதிப் பக்கம் ஒரு மேட்டில் சில்லு விழுந்தபோது
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து
தலையை ஒரே பக்கம் சாய்த்துக் கேட்டோம்.

கரண்டிகள்.
கரண்டிகள் மட்டும்தான்.